வாங்கியவர்களைத் தேடிப் போன வழக்கு: தென் கொரியத் தளம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு, 2015–2022

எந்த வழக்கு

தென் கொரியாவில் ஓர் இளைஞர் தன் வீட்டிலிருந்தே ஒரு தளத்தை நடத்தினார். அதன் பெயர் ‘வெல்கம் டு வீடியோ’. அதில் விற்கப்பட்டவை முழுக்க முழுக்கச் சிறார்மீதான பாலியல் வன்கொடுமைக் காணொளிகள். 2015 ஜூனில் தொடங்கிய தளம் 2018 மார்ச்சில் முடக்கப்பட்டது. அதைத் தொடர்ந்த விசாரணையில் 38 நாடுகளில் 337 பேர் கைதானார்கள். அமெரிக்கா, ஸ்பெயின், பிரிட்டன் ஆகிய நாடுகளில், அப்போதும் வன்கொடுமைக்கு ஆளாகிக்கொண்டிருந்த குறைந்தது 23 குழந்தைகள் மீட்கப்பட்டார்கள். தளத்தை நடத்தியவருக்குக் கொரிய நீதிமன்றம் விதித்த தண்டனை ஒன்றரை ஆண்டு.

இவ்வளவு நல்ல புலனாய்வும் இவ்வளவு இலேசான தண்டனையும் ஒரே வழக்கில் எப்படிச் சேர்ந்தன என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. குழந்தைப் பாதுகாப்புப் பணியில் இருப்பவர்களையும், காவல்துறை, நீதித்துறைக்காரர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். குற்றவாளிகளின் பெயர்கள் பொதுப்பதிவில் உள்ளவைதான். அவை இங்கே தேவையில்லை.

தளம் எப்படி இயங்கியது

தளத்தைத் தொடங்கியபோது அந்த இளைஞருக்கு இருபது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. பயன்படுத்துபவரின் இருப்பிடத்தை மறைக்கும் டோர் மென்பொருள் வழியாக மட்டுமே எட்டக்கூடிய, ‘டார்க் வெப்’ எனப்படும் மறைவலையில் தளம் இருந்தது. காணொளி ஏற்றும் பக்கத்தில் ஓர் அறிவிப்பு: பெரியவர்களின் ஆபாசப் படங்களை இங்கே ஏற்றாதீர்கள். தெரியாமல் நடந்தது, யாரோ எதையோ ஏற்றிவிட்டார்கள் என்று பின்னால் சொல்ல அந்த ஒரு வரியே இடம் வைக்கவில்லை.

பார்ப்பதற்குப் புள்ளிகள் வேண்டும். புள்ளிகள் மூன்று வழிகளில் கிடைத்தன. பிட்காயின் கொடுத்து வாங்கலாம், புதிய ஆளைச் சேர்த்துவிடலாம், காணொளி ஏற்றலாம். ஆறு மாதத்துக்கான சிறப்புக் கணக்கின் விலை 0.03 பிட்காயின். 2018 மார்ச் தொடக்கத்தின் மதிப்பில் அது சுமார் 350 டாலர்.

இந்த மூன்றாவது வழியில்தான் தளத்தின் கொடூரம் இருந்தது. ஏற்றப்படும் ஒவ்வொரு காணொளியின் ‘ஹேஷ்’ எண்ணையும், அதாவது ஒரு கோப்பை அடையாளம் காட்டும் எண்ணையும், தளம் சரிபார்த்தது. ஏற்கனவே இருக்கும் காணொளி என்றால் ஏற்காது. ஆக, பணம் கொடுக்காமல் புள்ளி வேண்டுமென்றால் தளத்தில் இல்லாத ஒன்றைக் கொண்டுவர வேண்டும். கையில் இல்லாதவன் என்ன செய்வான்? வீட்டிலோ பக்கத்திலோ தன் கைக்கெட்டும் ஒரு குழந்தையைத் தேடுவான். பழைய படங்களைக் கண்டுபிடித்து அகற்றப் பாதுகாப்பு அமைப்புகள் பயன்படுத்தும் அதே தொழில்நுட்பத்தை, புதிய வன்கொடுமையைத் தூண்டும் கருவியாக இவர் திருப்பியிருந்தார். பிறகு நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது, இந்த ஓர் அம்சத்துக்கு உரிய எடை தரப்படவில்லை என்பது என் கருத்து.

பறிமுதலான சர்வரில் 2,50,000க்கும் மேற்பட்ட வெவ்வேறு காணொளிகள், சுமார் 8 டெராபைட் அளவில் இருந்தன. காணாமல்போன, சுரண்டப்பட்ட சிறாருக்கான அமெரிக்கத் தேசிய மையம் அவற்றை ஆராய்ந்தது. முதற்கட்டமாகப் பார்த்தவற்றில் ஏறத்தாழ 45 சதவீதம், அதுவரை உலகில் எந்த விசாரணை அமைப்பின் கண்ணிலும் படாதவை.

முதல் துப்பு

துப்பு கிடைத்தது பிரிட்டனில். அங்கே ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர் பல ஆண்டுகளாக இணையத்தில் பலரை மிரட்டிப் படங்கள் வாங்கி வந்தார். அவரைப் பின்தொடர்ந்த தேசியக் குற்றவியல் முகமையின் கண்ணில் இந்தத் தளம் பட்டது. 137 குற்றங்களை ஒப்புக்கொண்ட அந்த ஆய்வாளருக்கு 2018 பிப்ரவரியில் 32 ஆண்டுச் சிறை. மேல்முறையீட்டில் அது 25 ஆனது. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்வது பின்னால் வரும் தீர்ப்பை எடைபோட உதவும்.

2017இல் தகவல் அமெரிக்காவுக்குப் போனது. அதைக் கையில் எடுத்தவர்கள் வருமான வரித்துறையின் குற்றப் புலனாய்வுப் பிரிவினர். வரி ஏய்ப்பும் பணச் சலவையும்தான் அவர்களுடைய அன்றாட வேலை; சிறார் வன்கொடுமை வழக்குகளில் பழக்கமில்லாதவர்கள். அந்தப் பழக்கமின்மை ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. சிறார் குற்றப் பிரிவினர் வழக்கமாகப் படத்திலிருந்து தொடங்குவார்கள்: சுவரின் நிறம், படுக்கை விரிப்பு, பின்னணியில் கேட்கும் மொழி. இவர்கள் பணத்திலிருந்து தொடங்கினார்கள்.

பணத்தின் தடம்

பிட்காயின் என்றால் யாருக்கும் தெரியாத பணம் என்ற நம்பிக்கை அப்போது பரவலாக இருந்தது. தளத்தை நடத்தியவரும் வாங்கியவர்களும் அதை நம்பினார்கள். உண்மையில், எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எவ்வளவு போனது என்பது முழுவதும் பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில் பதிவாகிறது. தெருவிலுள்ள எல்லோரும் புரட்டிப் பார்க்கும்படி மளிகைக் கடை வாசலில் தொங்கும் பற்றுவரவு நோட்டு மாதிரி. ஆளின் பெயர் இருக்கும் இடத்தில் ஓர் எண் இருக்கும், அவ்வளவுதான். அந்த எண்ணுக்குப் பின்னாலுள்ள ஆளை அறியப் பெரும்பாலும் ஒரு வாசல் உண்டு. பிட்காயினை வாங்கவும் விற்கவும் உதவும் பரிமாற்ற நிறுவனங்கள் அடையாள அட்டை, தொலைபேசி எண், வங்கிக் கணக்கு கேட்டு வாங்கி வைத்திருக்கின்றன. நீதிமன்ற ஆணையோடு போனால் பெயர் வந்துவிடும்.

தளம் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு தனி பிட்காயின் முகவரி கொடுத்திருந்தது. யார் எவ்வளவு கட்டினார் என்று கணக்கு வைக்கத் தளத்தை நடத்தியவருக்கு அது வசதி. விசாரணைக்கும் அதே வசதி. பிளாக்செயின் பதிவுகளை ஆராயும் செயினாலிசிஸ் நிறுவனத்தின் மென்பொருள் கொண்டு, குறைந்தது 7,300 பரிவர்த்தனைகளில் சுமார் 420 பிட்காயின் தளத்துக்குள் வந்திருப்பதைக் கண்டார்கள். பரிவர்த்தனை நடந்த நாட்களின் மதிப்பில் அது 3,70,000 டாலருக்கும் மேல். அதிகாரிகள் தாங்களே வாடிக்கையாளர்களாக நடித்துச் சோதனைக்குப் பணம் கட்டிப் பார்த்தபோது, அது கடைசியில் போய்ச் சேர்ந்தது அந்தக் கொரிய இளைஞரின் கணக்கில்.

சர்வர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்த கதையில் சாமர்த்தியம் ஏதும் கிடையாது. 2017 செப்டம்பரில் ஓர் அதிகாரி தளத்தின் முகப்பில் வலது சொடுக்குப் போட்டுப் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து பார்த்தார். மறைந்திருக்க வேண்டிய ஐ.பி. முகவரி, அதாவது இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண், அங்கேயே எழுதியிருந்தது. அது கொரியத் தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றின் இணைப்பு. இணைப்பு இருந்தது ஒரு வீட்டில். மறைவலைக் குற்றவாளிகள் எல்லோரும் மேதைகள் என்ற எண்ணம் காவல் நிலையங்களில் இன்னும் இருக்கிறது. புகாரை வாங்கவே தயங்குவதற்கு அது ஒரு காரணம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

உடனே மூடுவதா, காத்திருப்பதா

இந்த வழக்கின் கடினமான முடிவு இங்கேதான் வந்தது. இடம் தெரிந்துவிட்டது, தளம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு நாளும் புதிய காணொளிகள் ஏறுகின்றன. மூடிவிட்டால் அன்றைய வியாபாரம் நிற்கும். ஆனால் உறுப்பினர்கள் கலைந்து வேறு தளத்துக்குப் போவார்கள், யார் எதை ஏற்றினார் என்ற பதிவும் போய்விடும். சர்வரோடு ஆளையும் பிடிக்கவேண்டுமென்றால் கொரியக் காவல்துறையோடு சேர்ந்து திட்டமிட வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும்.

காத்திருந்தார்கள். 2018 மார்ச் 5 அன்று தெற்கு சுங்சோங் மாகாணத்திலுள்ள அவர் வீட்டில் கொரிய, அமெரிக்க, பிரிட்டிஷ் அதிகாரிகள் சர்வரைக் கைப்பற்றினார்கள். அவர் கைதானார்.

இதே இக்கட்டில் வேறு நாடுகள் வேறு மாதிரி முடிவெடுத்திருக்கின்றன. 2015இல் ‘பிளேபென்’ என்ற தளத்தைக் கைப்பற்றிய அமெரிக்க எஃப்.பி.ஐ., உறுப்பினர்களின் கணினிகளை அடையாளம் காண்பதற்காக ஏறத்தாழ இரண்டு வாரம் தளத்தைத் தானே நடத்தியது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து காவல்துறை 2016–17இல் இன்னொரு தளத்தைப் பதினோரு மாதம் நடத்தியது. இரண்டிலும் பலர் பிடிபட்டார்கள். ஒரு குழந்தையின் துயரத்தை அரசே மறுபடி மறுபடி விநியோகிப்பது சரியா என்ற கேள்வி இரண்டையும் துரத்தியது. கொரிய வழக்கில் அதற்குத் தேவையே எழவில்லை. பேரேடு அழியாமல் அங்கேயே இருந்தது. ஏற்றியவர், இறக்கியவர் விவரம் சர்வரில் இருந்தது. கைப்பற்றிய பிறகு, தளம் மேம்படுத்தப்படுகிறது என்ற பொய் அறிவிப்பை முகப்பில் வைத்தார்கள். உறுப்பினர்கள் காத்திருந்தார்கள், ஓடவில்லை. காணொளி எதுவும் யாருக்கும் போகவில்லை. இந்த வழக்கில் எடுத்த முடிவுகளிலேயே இதுதான் சிறந்தது என்று நினைக்கிறேன்.

கைதுச் செய்தியையும் வெளியே பரப்பவில்லை. அமெரிக்க நீதித்துறை வழக்கை முறையாக அறிவித்தது 2019 அக்டோபர் 16 அன்று. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டுக்கும் மேலான காலத்தில், உறுப்பினர்களின் விவரங்கள் நாடு நாடாகப் பிரித்து அனுப்பப்பட்டன.

யார் வாங்கினார்கள்

கைதானவர்களில் பெரும்பகுதியினர் தென் கொரியர்கள். மற்றவர்கள் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பிரேசில், ஆஸ்திரேலியா என்று பரவியிருந்தார்கள். டெக்சாஸில் எல்லைக் காவல்படையின் பணியில் இருந்த ஒருவர் பிடிபட்டார். அவர் மீதான குற்றச்சாட்டு பார்த்ததோடு நிற்கவில்லை, காணொளி எடுத்ததும் அதில் சேரும். அதே மாநிலத்தில் பிடிபட்ட இன்னொருவர், இத்தகைய குற்றங்களை விசாரிக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் முன்னாள் அதிகாரி. அவருக்கு 70 மாதச் சிறை. பாதிக்கப்பட்ட ஏழு பேருக்கு 35,000 டாலர் இழப்பீடு கொடுக்கவும் ஆணை. வாஷிங்டனைச் சேர்ந்த மற்றொருவருக்கு 15 ஆண்டு.

அந்த முன்னாள் அதிகாரி மேல்முறையீட்டில் ஒரு வாதம் வைத்தார்: தன் பிட்காயின் விவரத்தை நீதிபதியின் சோதனை ஆணை இல்லாமல் பார்த்தது அந்தரங்க உரிமை மீறல் என்று. 2020 ஜூனில் அமெரிக்காவின் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எல்லோரும் பார்க்கும் பேரேட்டில் தானே பதிவு செய்ததற்கு அந்தரங்கம் கோர முடியாது. பரிமாற்ற நிறுவனத்திடம் உள்ள பதிவு, வங்கியிடம் உள்ள பதிவைப் போன்றதே. இந்தத் தீர்ப்பு இப்போது பிட்காயின் தடம் பார்க்கும் வழக்குகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

மீட்கப்பட்ட 23 குழந்தைகளும் இந்தப் பட்டியல் வழியாகக் கிடைத்தவர்கள். படத்தில் உள்ள முகத்தைத் தேடிப் போய்க் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். பணம் கட்டிய ஆளின் வீட்டுக் கதவைத் தட்டியபோது குழந்தை உள்ளே இருந்தது.

கொரிய நீதிமன்றத்தில்

2018 செப்டம்பரில் சியோல் மத்திய மாவட்ட நீதிமன்றம் தளத்தை நடத்தியவருக்கு இரண்டு ஆண்டுச் சிறை விதித்து, அதை மூன்று ஆண்டுக்கு நிறுத்திவைத்தது. அதாவது, அவர் வீட்டுக்குப் போகலாம். இளம் வயது, முன்குற்றம் இல்லை, வருந்துகிறார் என்பவை காரணங்களில் அடங்கும். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்ய, 2019 மே மாதம் தண்டனை ஒன்றரை ஆண்டுச் சிறையாக மாறியது. அப்போதும் தண்டனையைக் குறைக்கும் காரணங்களாகச் சிலவற்றை நீதிமன்றம் கணக்கில் எடுத்தது: இளமையில் சரியான பராமரிப்பு இல்லாமல் வளர்ந்தது, காணொளிகளில் பெரும்பகுதியை உறுப்பினர்களே ஏற்றியது, அண்மையில் திருமணம் பதிவு செய்து குடும்பப் பொறுப்பு வந்திருப்பது.

இரண்டாவது காரணம் என்னைப் பொறுத்தவரை தலைகீழானது. உறுப்பினர்களை ஏற்றவைத்ததுதான் அவருடைய வியாபாரம். புதிய காணொளிக்குப் புள்ளி என்று விலை வைத்தவருக்கு, அடுத்தவர்கள் ஏற்றினார்கள் என்பது எப்படிச் சலுகையாகும்?

சட்டத்திலும் குறை இருந்தது. சிறார் பாலியல் படங்களை வணிக நோக்கில் பரப்புவதற்கு அப்போது அதிகபட்சம் பத்து ஆண்டு. குறைந்தபட்சம் என்று ஒன்றும் இல்லை. வைத்திருப்பதற்கு ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். கொரிய உறுப்பினர்களில் பலர் அபராதத்தோடு தப்பினார்கள். நீதிபதிகளுக்குக் கடுமை காட்ட இடம் இருந்தது. காட்டியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஒப்படைக்க மறுப்பு

அமெரிக்காவில் 2018 ஆகஸ்டிலேயே அவர் மீது ஒன்பது குற்றச்சாட்டுகள் பதிவாகியிருந்தன. அவரை ஒப்படைக்கும்படி அமெரிக்கா கேட்டது. ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டிக்கக் கூடாது என்ற விதியால், கொரியாவில் ஏற்கனவே விசாரிக்கப்பட்டவற்றுக்கு அவரை அனுப்ப முடியாது. எஞ்சியது பணச் சலவை ஒன்றுதான். கொரிய அரசுத் தரப்பு முதலில் அதை வழக்கில் சேர்க்காமல் விட்டிருந்ததால், அந்த ஒரு கதவு திறந்திருந்தது.

தண்டனைக் காலம் 2020 ஏப்ரலில் முடிந்தும், ஒப்படைப்பு விசாரணைக்காக அவர் காவலில் வைக்கப்பட்டார். அந்த மே மாதம் அவருடைய தந்தையே மகன்மீது புகார் கொடுத்தார்: தன் விவரங்களைப் பயன்படுத்திக் குற்றப்பணத்தை மறைத்தான் என்று. கொரியாவிலேயே வழக்கு நடந்தால் அமெரிக்காவுக்கு அனுப்பவேண்டியிராது என்ற கணக்கு யாருக்கும் புரியாமல் இல்லை.

கொரிய மக்கள் அப்போது கொதித்துப் போயிருந்தார்கள். ‘என்-வது அறை’ என்று பெயர்பெற்ற வழக்கு அந்த மார்ச்சில்தான் வெடித்திருந்தது. பெண்களையும் சிறுமிகளையும் மிரட்டி எடுத்த படங்களை டெலிகிராம் அறைகளில் விற்ற கும்பல் அது. கட்டண அறைகளுக்கு 15 லட்சம் வொன் வரை வாங்கினார்கள். பணம் வந்தது மெய்நிகர் நாணயங்களில். முதலில் கணக்கிடப்பட்ட பாதிக்கப்பட்டோர் 74 பேர். அவர்களில் 16 பேர் சிறார். அதை வெளிக்கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர்கள் இரண்டு கல்லூரி மாணவியர். 

2020 ஜூலை 6 அன்று சியோல் உயர் நீதிமன்றம் ஒப்படைக்க மறுத்தது. கொரிய உறுப்பினர்கள்மீதான விசாரணைக்கு அவர் உள்நாட்டில் இருப்பது உதவும், அவரைத் தண்டிக்கும் உரிமையைக் கொரியா தானே செலுத்தலாம் என்றது நீதிமன்றம். அன்றே அவர் விடுதலையானார். தீர்ப்பளித்த அமர்வின் தலைமை நீதிபதி அப்போது உச்ச நீதிமன்றப் பதவிக்கான பரிசீலனைப் பட்டியலில் இருந்தார். அவரை நீக்கக் கோரிய இணைய மனுவில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள்.

குற்றப்பணத்தை மறைத்த வழக்கில் 2022 ஜூலையில் அவருக்கு இரண்டு ஆண்டுச் சிறையும் 50 லட்சம் வொன் அபராதமும் கிடைத்தன. குழந்தைகளின் காணொளிகளை விற்றதற்கு ஒன்றரை ஆண்டு, அந்தப் பணத்தை மறைத்ததற்கு இரண்டு ஆண்டு.

என்ன மாறியது, என்ன மாறவில்லை

கொரியச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டது. சிறார் பாலியல் சுரண்டல் காணொளியை விற்றால் குறைந்தது ஐந்து ஆண்டு. தெரிந்தே வாங்கினாலோ வைத்திருந்தாலோ பார்த்தாலோ குறைந்தது ஓர் ஆண்டு. பாலுறவுக்குச் சம்மதம் தெரிவிக்கும் வயது 13இலிருந்து 16 ஆனது. அந்த டிசம்பரில் தண்டனை வரையறைக் குழு, இத்தகைய காணொளிகளைத் தொடர்ந்து எடுப்பவர்களுக்கு 29 ஆண்டு 3 மாதம் வரை விதிக்கலாம் என்று வழிகாட்டியது. டெலிகிராம் அறைகளை நடத்திய முதன்மைக் குற்றவாளிக்கு 42 ஆண்டுச் சிறையை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மெய்நிகர் நாணயப் பரிமாற்ற நிறுவனங்கள் வாடிக்கையாளரின் உண்மைப் பெயரிலான வங்கிக் கணக்கோடு இயங்கவேண்டும் என்ற சட்டம் 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது.

பார்ப்பதும் குற்றமா என்ற இதே கேள்வி நம் ஊருக்கும் வந்தது. கைப்பேசியில் சிறார் பாலியல் காணொளி வைத்திருந்த ஓர் இளைஞர்மீதான வழக்கை, வெறுமனே இறக்கிப் பார்ப்பது குற்றமாகாது என்று சொல்லி 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்து, வைத்திருப்பது போக்சோ சட்டத்தின் 15ஆம் பிரிவில் வரும் என்று விளக்கியது. கொரியப் பட்டியலில் பிடிபட்டவர்களில் எத்தனை பேர் ‘வெறுமனே பார்ப்பவர்கள்’ என்ற நிலையிலிருந்து கேமராவை எடுத்தவர்கள் என்பதைக் கண்டவர்களுக்கு, உயர் நீதிமன்றத்தின் பார்வை ஏன் ஆபத்தானது என்று விளக்கவேண்டியதில்லை.

மறுபடி இப்படி ஒரு வழக்கு வந்தால் மாற்றவேண்டியவை என்று மூன்றைச் சொல்வேன். பணச் சலவைக் குற்றச்சாட்டை முதல் நாளே சேர்க்க வேண்டும்; கொரியாவில் அதைப் பின்னுக்குத் தள்ளியதால் தண்டனையும் குறைந்தது, ஒப்படைப்பும் சிக்கலானது. தளத்தின் புள்ளிமுறையை, அது எப்படிப் புதிய வன்கொடுமையை வரவழைத்தது என்பதை, நிபுணர் சாட்சியத்தோடு நீதிபதிமுன் வைக்க வேண்டும். சர்வரின் கொள்ளளவை மட்டும் சொன்னால் அது தொழில்நுட்பக் குற்றமாகவே தெரியும். மூன்றாவது, அடையாளம் காணும் பணிக்கான ஆட்களும் நிதியும். இரண்டரை லட்சம் காணொளிகளிலிருந்து மீட்கப்பட்டவர்கள் 23 பேர். பணத் தடம் நின்ற இடத்தில் மற்றவர்களைத் தேடும் வேலை, மறுபடி சுவரின் நிறத்துக்கும் படுக்கை விரிப்புக்கும்தான் வருகிறது.

அந்தத் தடமும் இனி எளிதாகக் கிடைக்கும் என்று எண்ணக்கூடாது. அனுப்பியவர், பெற்றவர், தொகை மூன்றையும் மறைக்கும் மொனேரோ போன்ற நாணயங்களுக்கு விற்பவர்கள் நகர்ந்துவருகிறார்கள். டெலிகிராம் அறைகளிலேயே அது கேட்கப்பட்டது. அந்த நாணயத்தையும் எங்கோ ஓரிடத்தில் ரூபாயாகவோ வொன்னாகவோ மாற்றியாக வேண்டும்; அந்த இடத்தில் அடையாள அட்டை கேட்கப்படுகிறதா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த வழக்கு நகரும்.